ச நி, ச நி த: இறங்கிக்கொண்டே இருக்கும் ஓர் இசையைப் பற்றி

கேள்வி. மே 4, மாலை 6.10

எஸ்டோனியாவைச் சேர்ந்த ஆர்வோ பேர்ட் என்ற இசையமைப்பாளரைப் பலரும் கொண்டாடுகிறார்களே என்று, பிரிட்டன் என்பவரின் நினைவாக அவர் எழுதிய ‘காண்டஸ்’ என்ற இசையைக் கேட்டேன். ஐந்தாறு நிமிடம். மேலிருந்து கீழே இறங்குகிறது, மறுபடியும் மேலிருந்து கீழே இறங்குகிறது. நடுநடுவே ஒரு மணி. வேகமாக உருளும் பிருகா இல்லை, சுரத்தை அசைக்கும் கமகம் இல்லை, தொடையில் தட்டுவதற்கு ஒரு தாளம்கூட இல்லை. முதல் பாடமான சரளி வரிசை படிக்கும் பிள்ளை இதைவிட அதிகமாகப் பாடும். இதில் அப்படி என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு 10.45

நீங்கள் குறையாகச் சொன்ன சரளி வரிசையிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் எல்லாரும் சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், படித்தோம். முதல் காலம், அதன் இரட்டிப்பு, அதற்கும் இரட்டிப்பு. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. பேர்ட் ‘காண்டஸ்’ஸில் செய்திருப்பது, ஒரே வரிசையை ஐந்து காலத்தில், ஐந்து கூட்டத்தாரிடம், ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டது. உச்சியில் முதல் வயலின்கள். அவர்களுக்கு ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில், இரண்டாம் வயலின்கள். அதற்குக் கீழே வியோலா, அதிலும் பாதி. பிறகு செல்லோ. அடியில் டபுள் பாஸ். முதல் வயலின் பதினாறு சுரம் போடும் நேரத்தில் பாஸ் ஒரே ஒரு சுரத்தில் நிற்கிறது.

வரிசையும் எளிமையானதுதான். மேல் ஷட்ஜத்தில் தொடங்கி, ச. பிறகு ச நி. பிறகு ச நி த. பிறகு ச நி த ப. ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போய், போன முறையைவிட ஒரு படி கூடுதலாக இறங்குகிறது. நம் ஊரில் இதற்கு ஸ்ரோதோவக யதி என்று பெயரே உண்டு. சிறிதாகத் தொடங்கி, ஆறு அகலமாவது போல ஒவ்வொரு வரியும் நீள்வது.

இதைத் தாளில் பார்த்தால் கணக்கு. காதால் கேட்டால், ஒரே துக்கத்தை வெவ்வேறு வயதுள்ள ஐந்து பேர் ஐந்து விதமாகச் சுமந்து இறங்குவது போல இருக்கிறது. எனக்கு அப்படித்தான் கேட்டது. இன்னும் நிறையச் சொல்ல வேண்டும். விடிந்தால் பூசைக்கு கீபோர்டு வாசிக்கப் போக வேண்டும், நாளை எழுதுகிறேன்.

மே 5, காலை 8.20

ராகம் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நடபைரவி ராகத்தின் அவரோகணம், அதாவது இறங்குவரிசை. கமகம் இல்லாதபோது ராகம் என்று சொல்வது சரியல்ல என்று இன்னொருவர் கண்டித்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். சுரவரிசை என்றே இனி எழுதுகிறேன்.

ஆனால் ‘கமகம் இல்லை, அதனால் உயிர் இல்லை’ என்ற பேச்சை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான்கு வருடம் பஸ் ஏறி ராமநாதபுரம் போய் வயலின் படித்தவள் நான். அசைக்காமல் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பதுதான் எனக்குக் கடைசி வரை வரவில்லை. அசைவு நம் தவறுகளை மூடிவிடும். நேரான சுரத்தில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

மே 5, இரவு 9.30

இன்னொரு விஷயம் விட்டுப்போனது. அந்த ஐந்து கூட்டத்தில் நான்கு, தமக்குள் இரண்டாகப் பிரிகின்றன. பாதிப் பேர் அந்த இறங்குவரிசையில் நடக்கிறார்கள். மீதிப் பேர் ச, க, ப என்ற மூன்று சுரங்களை விட்டு வெளியே வருவதே இல்லை. நடப்பவர் எங்கே போனாலும், நிற்பவர் அந்த மூன்றில் பக்கத்தில் இருக்கும் ஒன்றில் நின்று துணை கொடுக்கிறார். வியோலாவுக்கு மட்டும் துணை இல்லை.

இந்த முறைக்கு பேர்ட் வைத்த பெயர் டின்டினபுலி. சிறு மணிகள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நடக்கும் குரலையும் நிற்கும் குரலையும் இரண்டாக எண்ணக்கூடாது, ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஒன்றுதான் என்பது அவருடைய மனைவி நோரா சொன்ன கணக்கு. தம்புரா ஓடும்போது பாடுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

மே 7, மாலை 5.00

‘பிரிட்டன் நினைவாக என்றால் ஓரியூர் பிரிட்டோவா?’ என்று திருவாடானைப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு, நம் பக்கத்தில் அந்த ஒலியைக் கேட்டால் வேறு யார் நினைவுக்கு வருவார்கள் என்று தோன்றியது. அந்தப் பிரிட்டோ, நம் புனித அருளானந்தர், 1693-இல் ஓரியூரில் வெட்டுப்பட்டவர். அந்தச் சிவப்பு மண்ணை முடிந்து கொண்டுவந்து எங்கள் வீட்டு மாடத்தில் வைத்திருக்கிறோம். இவர் அவர் இல்லை.

பெஞ்சமின் பிரிட்டன் இங்கிலாந்துக்காரர். 1913-இல் லோஸ்டாஃப்ட் என்ற கடலோர ஊரில் பிறந்தவர், ஆல்ட்பரோ என்ற இன்னொரு கடலோர ஊரில் வாழ்ந்தவர். 1945-இல் மேடையேறிய அவருடைய ‘பீட்டர் கிரைம்ஸ்’ ஆபராவில் நாயகன் ஒரு மீனவன். அவனிடம் வேலைக்கு வந்த பையன் கடலில் இறந்துபோகிறான், ஊர் அவனைச் சந்தேகிக்கிறது. அந்தக் கதையை நம் கரையில் யாரிடம் சொன்னாலும் முழுவதும் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

1976 டிசம்பர் 4 அன்று பிரிட்டன் இறந்தார். அந்தச் செய்தி பேர்ட்டை எட்டியபோது அவர் சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்டோனியாவில் இருந்தார். பிரிட்டனுடைய இசையின் தூய்மையை அப்போதுதான் உணரத் தொடங்கியிருந்தார். ஒருமுறை சந்திக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். சந்திக்கவே இல்லை. 1977-இல் ‘காண்டஸ்’ வந்தது.

மே 9, இரவு 11.50

மணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அப்பா எங்கள் ஊர்க் கோவிலில் மணி அடிப்பவர். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கும் சிறிய கோவில். உயர்ந்த கோபுரம் எல்லாம் கிடையாது. கோவிலுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், இரண்டு தூணுக்கு நடுவே குறுக்குக் கட்டையில் மணி தொங்குகிறது. காலை, நண்பகல், மாலை என மூவேளை மணி ஒரு விதம். பூசை மணி ஒரு விதம். துக்க மணி முற்றிலும் வேறு. ஓர் அடி. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு இன்னோர் அடி.

அந்த இடைவெளிக்கு அப்பாவிடம் ஓர் அளவு உண்டு. மணி அடித்துவிட்டு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுவார், வாய்க்குள். அது முடிந்து ‘ஆமென்’ வந்த பிறகே அடுத்த அடி. கயிறு உப்புக் காற்றில் விறைத்துப்போய் உள்ளங்கையைக் கிழிக்கும் என்று வலது கையில் துண்டைச் சுற்றிக்கொள்வார். எனக்கு எட்டு வயதில், பக்கத்தில் நின்று அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உதடு நின்றால் மணி வரும்.

எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது சித்தப்பா தென்கடலில் வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. இரண்டு நாள் தேடினார்கள். வள்ளம் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. மணி அடிப்பதா, வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. அடித்தால் இறந்துவிட்டார் என்று நாமே சொன்னதாகிவிடும் என்றார் அப்பத்தா. அடிக்காவிட்டால் அவனுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்றாகிவிடும் என்றார் அப்பா. மூன்றாம் நாள் மாலை அப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்துபோனார். அப்பத்தா தடுக்கவில்லை.

அன்று எத்தனை அடி அடித்தார் என்று நான் எண்ணவில்லை. இடைவெளிகள்தான் நினைவிருக்கின்றன. வழக்கத்தைவிட நீளமாக இருந்தன. ஒரு மரியேக்குப் பதில் இரண்டு சொன்னாரா, அல்லது சொல்ல முடியாமல் நின்றாரா, நான் கேட்டதில்லை.

‘காண்டஸ்’ மௌனத்தில் தொடங்குகிறது. இசைத்தாளின் தொடக்கத்தில் ஒலி எதுவும் இல்லை, வெறும் இடைவெளி எழுதியிருக்கிறார். பிறகு மணி, மெதுவாக. பிறகு இடைவெளி. பிறகு மணி. அதை முதன்முதலில் கேட்டது என் அறையில், இரவில், ஹெட்போனில். நான் உடனே என் உதடு அசைவதைக் கவனித்தேன்.

பார்க்காத ஒருவருக்காக அடித்த மணி அது. எங்கள் சித்தப்பாவுக்கு அடித்ததும் உடலைப் பார்க்காமல் அடித்ததுதான்.

மே 10, காலை 7.00

எழுதியவர்களுக்கு நன்றி. எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை.

மணியைப் பற்றி இன்னும் ஒன்று. கடைசியில் ஐந்து கூட்டமும் இறங்கி முடிந்து, ஒரே கூட்டுச்சுரத்தில் நீண்ட நேரம் நிற்கின்றன. அந்த முழக்கத்துக்குள் மணி ஒருமுறை மெதுவாகத் தட்டப்படுகிறது. தட்டுவது காதில் விழாது. தந்திகள் சட்டென்று நின்றதும், ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த மணியின் கார்வை மட்டும் வெளியே தெரிகிறது. அதற்குள் அந்தர காந்தாரம், அதாவது உயர்ந்த ‘க’, இருக்கிறது. முழு இசையும் தாழ்ந்த ‘க’வான சாதாரண காந்தாரத்தில் நடந்திருக்கும்போது, கடைசி நொடியில், யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம். தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டினால் தானாக எழும் அதே காந்தாரம். எந்த மணியிலும் அது இருக்கும்.

மே 14, இரவு 10.00

பேர்ட்டுடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லும்படி ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிறந்தது 1935-இல், பைடே என்ற ஊரில். வளர்ந்தது ரக்வேரே. வீட்டில் ஒரு பழைய பியானோ. அதன் நடுப்பகுதி பழுது. உச்சியிலும் அடியிலும்தான் ஒலி வரும். பையன் அந்த இரண்டு ஓரங்களை வைத்தே விளையாடியிருக்கிறான். பின்னாளில் அவர் எழுதிய இசையில் மிக உயரமும் மிக ஆழமும் நடுவில் பெரிய வெற்றிடமுமாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பியானோ நினைவுக்கு வரும். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி எனக்கு இன்னும் பிடித்தது. ரக்வேரே சதுக்கத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வானொலியில் வரும் சிம்பொனி அதில் ஒலிக்கும். பையன் சைக்கிளில் ஏறி அந்தச் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்பானாம். இன்று அந்தச் சதுக்கத்தில் சைக்கிளும் பையனுமாகச் சிலை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கோவில் திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் ஞாபகம் வந்தன. ஒன்பது நாள் நவநாளில் ஒன்று வடகடலைப் பார்த்து, ஒன்று தென்கடலைப் பார்த்து. சின்ன வயதில் நான் இரண்டுக்கும் நடுவே ஓடுவேன். ஓர் இடத்தில் நின்றால் ஒரே பாட்டு இரண்டு முறை கேட்கும், ஒன்று சற்றுப் பிந்தி. வீட்டில் திட்டினார்கள். எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

பிறகு தாலின் நகரில் ஹைனோ எல்லரிடம் படிப்பு, எஸ்டோனிய வானொலியில் ஒலிப்பதிவாளர் வேலை. அந்த வேலையைப் பற்றி யாராவது அதிகம் எழுதியிருந்தால் படிக்க ஆசை. பத்து வருடத்துக்கு நெருங்கி ஒலியை நுணுக்கமாகக் கேட்பதே தொழிலாக இருந்தவருடைய காது அது.

மே 16, இரவு 9.15

‘தொடக்கத்திலிருந்தே இப்படி எளிமையாகத்தான் எழுதினாரா?’ இல்லை. 1960-இல் எழுதிய ‘நெக்ரோலாக்’, பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் கொடுக்கும் பன்னிரண்டு சுர முறையில் அமைந்தது. எஸ்டோனியாவில் அந்த முறையில் வந்த முதல் படைப்பு. அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. மேற்கத்திய நோய் என்று பார்த்தார்கள். 1968-இல் ‘கிரேதோ’. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சி மேஜர் பிரெலூடை எடுத்து, நடுவில் அதை நொறுக்கி, மறுபடி மீட்டெடுக்கும் படைப்பு. இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கிறேன் என்று லத்தீனில் பாடகர் குழு பாடுகிறது. சோவியத் மேடையில் அதைப் பாடியது பெரிய சிக்கலாகிவிட்டது. மறுபடி அதைப் பாட விடவில்லை.

அதன் பிறகு எட்டு வருடம் மௌனம். ஒன்றும் எழுதவில்லை. 1976-இல் ‘ஃபூர் அலீனா’ என்ற இரண்டு பக்கப் பியானோ இசையோடு திரும்பினார்.

மே 17, காலை 6.40

நேற்று எழுதியதில் ஒரு தவறு. ‘ஒன்றும் எழுதவில்லை’ என்பது சரியல்ல. இடையில் 1971-இல் மூன்றாம் சிம்பொனி எழுதியிருக்கிறார். பிழைப்புக்குத் திரைப்படங்களுக்கு இசையமைத்திருக்கிறார். எட்டு வருட மௌனம் என்ற சொற்றொடர் கேட்க நன்றாக இருப்பதால் நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

நடந்தது தேடல். பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல்களான கிரகோரியன் பாடல்களை, இடைக்காலக் கூட்டுப்பாடல்களை உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒற்றை வரியில் மெட்டுகளை நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாக எழுதிப் பழகியிருக்கிறார். 1972-இல் ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய, பெயர் பெற்ற ஓர் இசையமைப்பாளர் மறுபடியும் சரளி வரிசைக்கு வந்து உட்கார்வது என்றால் எவ்வளவு மனவலிமை வேண்டும்! கேள்வி கேட்ட நண்பரே, ‘சரளி வரிசை படிக்கும் பிள்ளை’ என்று நீங்கள் சொன்னது ஒரு வகையில் உண்மை. அவர் அந்தப் பிள்ளையாகத் தம்மை ஆக்கிக்கொண்டார்.

மே 25, இரவு 11.20

இன்று நடந்ததைச் சொல்லாமல் தூங்க முடியாது.

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். கடலுக்குப் போகும் பையன்களும் பாடகர் குழுவுக்குக் கிடைக்கிறார்கள். அந்த ஐந்து கால வரிசையைப் பாடிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பேர்ட்டின் இசையை அப்படியே எடுக்கவில்லை. நம் சரளி வரிசையின் இறங்குமுகத்தை அவர் முறையில் ஐந்து பேர் பாடுவது, அவ்வளவே.

வடகடல் ஓரம், மாலை ஐந்தரை மணி. ஐந்து பேர். வேகமான முதல் குரலுக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். இரண்டாவதில் நான். மூன்றாவதில் என் தோழி. நான்காவதில் ஓய்வு பெற்ற வாத்தியார். ஐந்தாவது, அதாவது அடியில் பதினாறு எண்ணிக்கைக்கு ஒரு சுரம் பிடிக்க வேண்டிய குரலுக்கு, சங்கு குளிக்கப் போகும் ஓர் அண்ணன். அவருக்குச் சுரம் தெரியாது. மூச்சு தெரியும்.

முதல் முறை முழுவதும் குழப்பம். எல்லாரும் சின்னப் பெண்ணின் வேகத்துக்கு இழுபட்டோம். கேட்டுக் கேட்டே கெட்டோம். இரண்டாம் முறை வாத்தியார் வள்ளத்தின் விளிம்பில் விரலால் தட்டி எண்ணினார். மூன்றாம் முறையும் நான் தப்பிவிட்டேன். சங்கு குளிக்கும் அண்ணன் மட்டும் ஒருமுறைகூடத் தவறவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடியில் இருப்பவரைப் போலவே நின்றார். வேறு யார் எங்கே போகிறார்கள் என்று அவர் கவலைப்படவில்லை. பதினாறு முடிந்தால் ஒரு படி இறங்கினார்.

நான்காம் முறை அமைந்தது.

அதில்தான் தெரிந்தது, வேகமான குரல்தான் கடினம் என்று நான் இதுவரை நினைத்தது தப்பு. வேகமானவருக்குப் பாடுவது சிரமம் இல்லை, முடித்த பிறகு நிற்பதுதான் சிரமம். ‘காண்டஸ்’ஸில் முதல் வயலின்கள் எல்லாருக்கும் முன்னால் தங்கள் கடைசிச் சுரத்துக்கு வந்து சேர்ந்து, மற்றவர்கள் வரும் வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பெண் தன் வரிசையை முடித்துவிட்டு, கீழ்ச் சுரத்தில் நின்று, மூச்சை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இன்னும் மூன்று படி பாக்கி. முடிந்ததும் என்னிடம் வந்து, “அக்கா, நான் முடித்துவிட்டேன், ஆனால் போக முடியவில்லை” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மே 26, காலை 7.30

பலர் ஒலிப்பதிவு கேட்கிறார்கள். செல்போனில் பதிந்தது முழுவதும் காற்று. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் பவளக்கல் கோவிலுக்குள் பாடலாமே என்று ராமேசுவரத்து நண்பர் சொல்கிறார். 1964 டிசம்பர் புயலில் கூரை போன கோவில் அது. நான்கு சுவரும் மேலே வானமும். அங்கே நின்று பார்த்திருக்கிறேன். கச்சான் காற்றில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தவிர, அங்கே போய்ப் பாடுவது படம் எடுக்கப் போவது போலாகிவிடும். எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 2, இரவு 10.10

மே 10 அன்று ‘எந்த மணியிலும் அந்தர காந்தாரம் இருக்கும்’ என்று எழுதினேன். தவறு. மணி வார்ப்புத் தொழிலை அறிந்த ஒருவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். தந்தி வேறு, மணி வேறு. தந்தியில் மேல்சுரங்கள் ஒழுங்கான கணக்கில் எழும், அதனால் அந்தர காந்தாரம் வரும். வாய் அகன்ற கோவில் மணியின் வடிவம் வேறு கணக்கில் அதிரும். ஐரோப்பிய முறையில் வார்த்துச் சுருதி சேர்த்த மணியில் வலுவாகக் கேட்பது சாதாரண காந்தாரம். அந்தர காந்தாரம் கேட்கும் கோவில் மணியை நெதர்லாந்தில் 1980-களில் கணினியின் உதவியோடு புதிதாக வடிவமைத்தே செய்ய வேண்டியிருந்தது. இசைக்குழுக்களில் பெரும்பாலும் தொங்குவது நீண்ட குழாய் மணி. அது இன்னொரு சாதி.

நம்பாமல் போய்ப் பார்த்தேன். மாலை மூவேளை மணி முடிந்ததும், அப்பாவை ஓர் அடி கூடுதலாக மெதுவாக அடிக்கச் சொன்னேன். செபம் இல்லாத நேரத்தில் மணி அடிக்கக் கூடாது என்றார். சுருதிப் பெட்டியைக் காட்டி, படிப்புக்காக என்றேன். துணி சுற்றிய கட்டையால் ஒருமுறை தட்டினார். மணியின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காதை வைத்தேன். முதலில் வெண்கலத்தின் சத்தம், அதில் எதுவும் பிரியவில்லை. அது அடங்க அடங்க, கீழே ஒரு முனகல் போல ஆதார ஒலி. அதன் மேல், ஐயமே இல்லாமல், சாதாரண காந்தாரம். பெட்டியில் பிடித்துச் சரிபார்த்தேன். கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, ஆனால் அதுதான்.

ஆகவே எங்கள் மணி, ‘காண்டஸ்’ முழுவதும் நடக்கும் அதே காந்தாரத்தில், துக்கத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. ‘காண்டஸ்’ பதிவின் கடைசியில் என் காதில் விழும் மணி அந்தர காந்தாரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இதை அறிந்த பிறகு எனக்கு அந்தக் கடைசி நொடி முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. எங்களுக்கு வாய்க்காத ஒன்று அங்கே நடக்கிறது.

ஜூன் 14, இரவு 11.30

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பையன்கள் இனி பயிற்சிக்கு வருவது கடினம்.

ஆகஸ்ட் 19, மாலை 4.00

‘ஃபூர் அலீனா’வைக் கேட்டேன், இரண்டு நிமிடத்தில் மனம் கனத்துவிட்டது, ஏன் என்று ஒரு அக்கா துபாயிலிருந்து எழுதியிருக்கிறார். அவருக்காக.

அலீனா ஒரு நண்பர் குடும்பத்துப் பெண். வீட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். தாய் எஸ்டோனியாவிலேயே. அடியில் ஒரே ஒரு ஆழமான ஒலி, பெடலை அழுத்தியபடி ஒலித்துக்கொண்டே இருக்கும். மேலே இரண்டு கைகளும் மெதுவாக. வரிக்கு ஒரு சுரம் கூடிக்கொண்டே போய், பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். இடது கை கூட்டுச்சுரத்தின் மூன்று சுரங்களை விட்டு விலகுவதே இல்லை. ஒரே ஓரிடத்தில் மட்டும் விலகுகிறது. இசைத்தாளில் அந்த இடத்தில் பேர்ட் ஒரு சிறு பூ வரைந்து வைத்திருக்கிறார்.

அக்கா, அந்தப் பூ இருக்கும் இடத்தை அடுத்த முறை காதால் தேடிப் பாருங்கள். நடுப்பகுதியைத் தாண்டியதும் வரும்.

செப்டம்பர் 11, காலை 6.00

1935-இல் பேர்ட் பிறந்த நாள். 1980-இல் நாட்டை விட்டு வெளியேறி, வியன்னா வழியாக பெர்லின் போய், அங்கேயே நெடுங்காலம் வாழ்ந்து, பிறகு எஸ்டோனியாவுக்கே திரும்பினார். லவுலாஸ்மா என்ற கடலோர ஊரில், பைன் காட்டுக்குள், அவருடைய கையெழுத்துப் பிரதிகளை வைத்து 2018-இல் ஒரு மையம் திறந்திருக்கிறார்கள்.

நவம்பர் 3, அதிகாலை 4.40

நேற்று கல்லறைத் திருநாள். கல்லறைகளை மந்திரித்து முடிந்ததும் பாடலாம் என்று சாமியார் அனுமதி கொடுத்தார். அதே ஐந்து பேர். அண்ணன் அன்று சங்குக்குப் போகவில்லை.

வாடைக் காற்று. மெழுகுவர்த்திகள் நிற்கவில்லை, பாதியை ஓலைக் கூடைக்குள் வைத்திருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கல்லறை கிடையாது. ஒரு சிலுவை மட்டும் நட்டிருக்கிறோம், மண்ணுக்குள் ஒன்றும் இல்லை. அதன் பக்கத்தில் நின்று பாடினோம். பூ விற்ற பெண்கள் முதலில் பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அப்பா மணித் தூணுக்கு அருகில். நாங்கள் தொடங்கும் முன் ஓர் அடி, பிறகு அவருடைய வழக்கமான இடைவெளியில் அடி. எங்கள் காலத்துக்கும் அவருடைய இடைவெளிக்கும் கணக்கு சேரவில்லை. சேர்க்க வேண்டும் என்றும் நான் அவரிடம் சொல்லவில்லை.

சின்னப் பெண் முடித்து நின்றாள். நான் முடித்தேன். தோழி, வாத்தியார். அண்ணனின் கடைசிச் சுரம் வந்தபோது நாங்கள் நான்கு பேரும் அவருக்காக நின்றுகொண்டிருந்தோம். பதினாறு எண்ணி நிறுத்தினோம்.

அதற்குச் சற்று முன்புதான் அப்பா ஓர் அடி அடித்திருந்தார். எங்கள் குரல் நின்றதும் மணியின் கார்வை மட்டும் மணல் மேல் இருந்தது, சாதாரண காந்தாரம், கொஞ்சம் தாழ்ந்து. அது அடங்கிய பிறகும் அப்பா கயிற்றை விடவில்லை. துண்டு சுற்றிய கை அப்படியே இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.